ஏலமலையில் பேரிடரும் வறுமையும்: வண்டன்மேட்டுப் பகுதித் தமிழ்த் தொழிலாளரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகம் மன்னனையே பழிக்கும் என்னும் எண்ணம் தமிழ் மரபில் மிகப் பழமையானது. புறநானூற்றின் 35ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் இக்கருத்தையே எடுத்துரைக்கிறார். அப்பாடலைப் பாடி அவர் பழஞ்செய்க்கடன் நீங்கப் பெற்றார் என்று பாடலின் கீழுள்ள பழங்குறிப்பு தெரிவிக்கிறது. இயற்கை வருத்திய குடிகளின் சுமையைக் குறைப்பது ஆட்சியின் கடமை என்பது அன்றே உணரப்பட்டிருந்தது என இதனால் அறியலாம்.

இக்காலத்தில் ‘இயற்கைப் பேரிடர்’ என்னும் சொல் பெரிதும் வழங்குகிறது. நிகழ்ந்த துயரின் காரணத்தை முழுவதுமாக இயற்கையின்மேல் ஏற்றிவிடும் இயல்பு அச்சொல்லுக்கு உண்டு. பெருமழையும் மண்சரிவும் இயற்கையின் செயல்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் அந்த மழையின்போது சரிவின் அடிவாரத்தில் உறங்கியோர் யாவர், அவர்கள் அங்கு உறங்க நேர்ந்தது ஏன், அழிவிற்குப்பின் அவர்களது இழப்பு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை வரலாற்றிலும் ஆட்சிமுறையிலுமே கிடைக்கும்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள வண்டன்மேட்டையும் அதனைச் சூழ்ந்த ஏலமலையையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை இவ்வினாக்களை ஆராய முற்படுகிறது. பேரிடரால் ஏற்படும் இழப்பை ஆட்சி ஆவணத்தைக் கொண்டே அளக்கிறது; ஏலமலையின் தமிழ்த் தொழிலாளர்க்கு நிலம், வீடு, ஊர் ஆகிய மூன்றிலும் உரிய ஆவணம் இல்லை; ஆகவே ஒவ்வொரு பேரிடரும் அவர்களது வறுமையை மேலும் ஆழப்படுத்துகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

களமும் மக்களும்

வண்டன்மேடு இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. மலைக்குக் கிழக்கே, கீழே, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைவழிகளே இவ்விரு பகுதிகளையும் இணைக்கின்றன. இந்திய ஏலக்காய் வாணிகத்தில் வண்டன்மேட்டின் பெயர் நன்கு அறியப்பட்டது. அருகிலுள்ள புற்றடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் பூங்காவும் மின்னேல மையமும் உள்ளன. தமிழகப் பக்கத்தில் போடிநாயக்கனூர் இவ்வாணிகத்தின் மற்றொரு மையமாகும்.

ஏலத்தோட்டங்களில் களையெடுத்தல், காயெடுத்தல், ஸ்டோரில் காய் உலர்த்தல் ஆகிய வேலைகளைச் செய்வோருள் தமிழர் மிகப் பலர். அவர்களை இருவகையினராகப் பகுக்கலாம். தோட்டத்து லயங்களிலேயே தலைமுறைகளாகத் தங்கி வாழ்வோர் ஒரு வகையினர். கம்பம், உத்தமபாளையம், போடி வட்டாரங்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு வந்து, மாலையில் ஊர் திரும்புவோர் மற்றொரு வகையினர். காயெடுப்புக் காலம் தென்மேற்குப் பருவமழையின் நடுவே தொடங்குவது. எனவே கூலி மிகுதியாகக் கிடைக்கும் மாதங்களும் மலை சரியும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இது ஈண்டு கருதத்தக்கது.

தாது வருடப் பஞ்சமும் மலையேற்றமும்

தமிழ்த் தொழிலாளர் மலையேறிய வரலாற்றின் தொடக்கத்திலும் ஒரு பேரிடர் நிற்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் ‘தாது வருடப் பஞ்சம்’ என வழங்கப்பெறுகிறது. தென்னிந்தியா உள்ளிட்ட பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. பருவமழை பொய்த்தது இயற்கை. ஆயின் அவ்வாண்டுகளிலும் தானிய ஏற்றுமதி தொடர்ந்தது. 1877இல் பஞ்ச ஆணையராக அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் ஈடுபட்ட ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமே கூலி எனக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். பஞ்சம் இயற்கையால் தொடங்கினும் சாவு ஆணைகளாலும் பெருகியது என்பதற்கு இது சான்றாகும்.

இப்பஞ்சத்தைப் பொருளாகக் கொண்ட தமிழ் இலக்கியங்களுள் சிவகங்கை வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ குறிப்பிடத்தக்கது. பஞ்சத்தால் வாடி முறையிட்ட மக்களுக்கு உதவ இயலாத மதுரைச் சொக்கநாதர், சிவகங்கைத் துரைசிங்க மன்னருக்குத் திருமுகம் எழுதி அனுப்புவதாக அந்நூல் அமைந்துள்ளது. எள்ளல் நிறைந்த இந்த அமைப்பினுள் ஓர் அரசியல் தெளிவு உள்ளது. கடவுளே ஆயினும் பசிக்கு மருந்து வேண்டி ஆட்சியாளரிடமே மனுச் செய்ய வேண்டும் என்பது புலவரின் கருத்தாகக் கொள்ளத்தக்கது.

சமவெளியில் மக்கள் மடிந்துகொண்டிருந்த அதே 1877இல், மலைமேல் மற்றொரு நிகழ்ச்சி நடைபெற்றது. ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1879இல் வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண்மைக் கழகம் தோன்றியது, தோட்டத்தொழில் வேரூன்றியது. கீழே பஞ்சம் நிலமற்றோரை ஊரைவிட்டு விரட்டியது. மேலே தோட்டம் ஆளின்றித் தவித்தது. கங்காணிமார் முன்பணம் கொடுத்து இவ்விரண்டையும் இணைத்தனர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து இலங்கைக்குச் சென்றோரின் வரலாறும் இவ்வகையினதே. பஞ்சத்திலிருந்து தப்பிய தொழிலாளி முன்பணக் கடனுடன்தான் மலையேறினார். ஒரு பேரிடரிலிருந்து மீள்வதற்கான வழியே அடுத்த வறுமையின் வாயிலாக அமைந்தது.

நிலமும் உரிமையும்

ஏலமலையின் நில உரிமை வரலாறு சிக்கலானது. திருவிதாங்கூர் அரசு 1897இல் ஏலமலைக் காப்புக்காடு குறித்து அறிவிக்கை வெளியிட்டது. அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது இன்றளவும் வழக்கிற்குரியதாகவே உள்ளது. ஏலம் நிழலில் வளரும் பயிர் என்பதால் நிழல்மரங்கள் வனத்துறையின் கட்டுப்பாட்டிலும் நிலம் வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டிலும் இருக்கும் இரட்டை ஆட்சி இங்கு உருவாயிற்று. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏலமலைக் காப்புக்காட்டில் புதிய பட்டாக்கள் வழங்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக ஒரு நிலம் காடா, தோட்டமா என்பதே முடிவாகவில்லை எனில், அந்நிலத்தில் வாழ்வோர் நிலை எத்தகையதாக இருக்கும் என்பதை எளிதில் உணரலாம்.

இவ்வுறுதியின்மையின் இடையே அரசே பன்முறை மக்களைக் காட்டினுள் குடியேற்றியுள்ளது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றது. திருவிதாங்கூரில் கடும் உணவுப் பற்றாக்குறை ஏற்பட்டது. அதனை எதிர்கொள்ள உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கத்தின்கீழ் மலைக்காடுகள் குத்தகைக்குத் திறந்துவிடப்பட்டன. 1950களின் நடுவில், தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழகத்துடன் சேரவேண்டும் என்னும் போராட்டம் வலுத்திருந்த வேளையில், பட்டம் தாணுபிள்ளை அரசு மலைநாட்டுக் குடியேற்றத் திட்டத்தைச் செயற்படுத்தியது. கீழ்நாட்டிலிருந்து வந்த மலையாளக் குடும்பங்களுக்குக் கல்லாறு, மறையூர் முதலிய இடங்களில் நிலம் வழங்கப்பட்டது. தோட்டங்களில் ஏற்கெனவே உழைத்துவந்த தமிழ்த் தொழிலாளர் இத்திட்டத்தின் பயனாளிகளாகக் கருதப்படவில்லை. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவ்வட்டங்கள் கேரளத்துடன் நிலைபெற்றன.

குடியேறியவரின் வாழ்வும் உறுதியானதாக இல்லை. 1961இல் இடுக்கி நீர்மின் திட்டத்திற்காக அய்யப்பன்கோவில் பகுதியினின்று வெளியேற்றப்பட்ட உழவர் குடும்பங்கள், மழைக்காலத்தில் குமுளி அருகே அமராவதியில் போதிய வசதியின்றி விடப்பட்டன. அவர்களுக்காக ஏ. கே. கோபாலன் அங்கு உண்ணாநோன்பு இருந்தார். அரசு அழைத்தமையால் வந்தவரையும் அரசே வெளியேற்றக்கூடும் என்னும் அச்சம் இம்மலை மக்களின் நினைவில் பதிந்ததற்கு இந்நிகழ்ச்சி ஒரு முக்கியக் காரணமாகும்.

இவ்வச்சத்தின் விளைவைப் பின்னாளில் காண்கிறோம். மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத்தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழு 2011இல் தன் அறிக்கையை அளித்தது. செங்குத்தான சரிவுகளில் ஆண்டுப் பயிர்களைத் தவிர்த்தல், கல்குவாரிகளைக் கட்டுப்படுத்தல் முதலிய பரிந்துரைகள் அதில் இருந்தன. 2013இல் கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கை வந்தது. இவ்விரண்டிற்கும் எதிராக இடுக்கியில் பெரும் போராட்டங்கள் நடந்தன. குவாரி, கட்டுமானம் ஆகியவற்றின் நலன்கள் அப்போராட்டத்தில் கலந்திருந்தன என்பது உண்மையே. எனினும் பட்டா இல்லாத சிறு உழவர் காட்டுப் பாதுகாப்பு என்னும் சொல்லை வெளியேற்றம் என்றே பொருள் கொண்டனர். அவ்வாறு கொள்வதற்கு அமராவதியின் நினைவு அவர்களுக்கு இருந்தது. நில உரிமையை முதலில் உறுதி செய்யாத ஆட்சி, பின்னர் கொண்டுவரும் பாதுகாப்பு நடவடிக்கைக்கு மக்களின் நம்பிக்கையைப் பெற இயலாது போகிறது. அவ்வாறு கைவிடப்பட்ட பாதுகாப்பின் விலையை அடுத்த பெருமழை வசூலிக்கிறது.

வீடும் வேலையும்: பெட்டிமுடி

1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099இல், ஏற்பட்ட பெருவெள்ளம் கேரள மக்களால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என நினைவுகூரப்படுகிறது. மூணாறு நகரம் அழிந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதை அடித்துச் செல்லப்பட்டு, மீண்டும் அமைக்கப்படவே இல்லை. அவ்வெள்ளம் பற்றிய இன்றைய எழுத்துகளில் முதன்மையாகப் பேசப்படுவது அந்த இரயில்பாதையே. தேயிலை ஏற்றிச்சென்ற பாதைக்கு வரலாறு உண்டு. தேயிலை பறித்தவர்க்கு வரலாறு அரிதாகவே எழுதப்பட்டது. வெள்ளத்திற்குப்பின் தோட்டங்கள் மீண்டன. லயங்களும் பழைய முறையிலேயே தொடர்ந்தன.

அதே மலைத்தொடரில், வண்டன்மேட்டிற்கு வடக்கே தேவிகுளம் வட்டத்தில், 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மண்சரிவு ஏற்பட்டது. அன்று ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவாகியிருந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த நான்கு வரிசை லயங்கள் புதையுண்டன. 70 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மாண்டோரில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றை வேராகக் கொண்ட குடும்பத்தினர். மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லாமையால் செய்தி மறுநாட் காலையிலேயே வெளியுலகை எட்டியது. வழியிலிருந்த பெரியவாரைப் பாலம் 2018 வெள்ளத்தில் சிதைந்தது. அதற்கு மாற்றாக இட்ட தற்காலிகப் பாலமும் அம்மழைக்குத் தாங்கவில்லை. புதிய பாலப் பணியோ முடிந்திருக்கவில்லை. இதனால் மீட்புப் பணி தாமதமுற்றது. ஒரு பேரிடரின் சேதத்தை ஈராண்டுகளில் சரிசெய்யாத ஆட்சி, அடுத்த பேரிடரின் சேதத்தைப் பெருக்கியது என்பது இதனால் விளங்கும்.

இழப்பீட்டிலும் ஒரு வேறுபாடு கண்டறியப்பட்டது. பெட்டிமுடியில் மாண்டோர் குடும்பத்திற்கு மாநில அரசு 5 இலட்சம் ரூபாய் அறிவித்தது. மறுநாள் கோழிக்கோடு விமான விபத்தில் மாண்டோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு அறிவித்தது முதற்கட்ட உதவியே என அரசு விளக்கம் அளித்தது. எனினும் இவ்வேறுபாடு தொழிலாளர் மனத்தில் ஆறாத புண்ணாயிற்று. பின்னர் குற்றியாறு பள்ளத்தாக்கில் எட்டுக் குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கட்டித்தரப்பட்டன.

தொகையினும் ஆழமான சிக்கல் ஒன்று சட்டத்தில் உள்ளது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கு வீடு வழங்கும் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர்மேல் வைத்தது. நல்ல நோக்குடைய இவ்விதி ஒரு கட்டினையும் உண்டாக்கியது. வேலை உள்ளவரை வீடு. ஓய்வு பெற்றால் வீடும் போகும். எனவே தலைமுறைதோறும் ஒருவரேனும் தோட்டத்தில் பெயர் பதிந்தாக வேண்டும். பிள்ளைகளைப் படிக்கவைத்து வெளியே அனுப்பிய பெற்றோரும் வீட்டிற்காக ஒரு மகனையோ மருமகளையோ தோட்டத்தில் நிறுத்திவைக்கும் நிலை இதனால் ஏற்பட்டது. சரிவின் அடியில் அமைந்த லயத்தை ஆபத்து என அறிந்தும் விட்டு நீங்க இயலாமைக்கு இதுவே காரணம்.

மேலும் அச்சட்டத்தில் 1981இல் சேர்க்கப்பட்ட 16-ஏ பிரிவு, உரிமையாளர் தந்த வீடு இடிந்து தொழிலாளியோ அவர் குடும்பத்தினரோ மாண்டால் இழப்பீடு தரவேண்டும் என்றது. ஆயின் அவ்விடிபாடு முற்றிலும் நேரடியாகக் குடியிருந்தவரின் தவற்றாலோ இயற்கைப் பேரிடராலோ நேர்ந்ததாயின் அப்பொறுப்பு இருக்கவில்லை. இங்கு ‘இயற்கைப் பேரிடர்’ என்பது வெறும் வருணனைச் சொல் அன்று. பொறுப்பினின்று விடுவிக்கும் சட்டச்சொல். மழையை உரிமையாளர் பொழிவிக்கவில்லை. ஆனால் லயத்திற்கு இடம் தேர்ந்தவர் தொழிலாளி அல்லர். இவ்விரண்டாம் உண்மைக்கு அச்சொல்லில் இடமில்லை. பெட்டிமுடிச் சரிவின்போது நடைமுறையில் இருந்த இச்சட்டம், பின்னர் 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது.

சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்னும் குரல் பெட்டிமுடிக்குப் பின்னர் மட்டும் எழுந்ததன்று. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் தொழிற்சங்கங்களையும் விலக்கிவிட்டுப் போராடினர். போனசுக் குறைப்பை எதிர்த்துத் தொடங்கிய அப்போராட்டம் 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ரூபாயாக உயர வழிவகுத்தது. லயத்தின் ஒற்றை அறை வாழ்வும் அப்போது பொதுவெளியில் பேசப்பட்டது. அதன்பின் ஐந்தாண்டுகளில் பெட்டிமுடி நிகழ்ந்தது.

எல்லை கடக்கும் கூலி

வண்டன்மேட்டுப் பகுதியின் நிலை மூணாற்றினின்று சற்று வேறுபட்டது. இங்குப் பெருங்குழுமத் தோட்டங்களினும் சிறு, நடுத்தர ஏலத்தோட்டங்களே மிகுதி. தோட்டத் தொழிலாளர் சட்டம் குறைந்தது ஐந்து ஹெக்டேர் பரப்பும் பதினைந்து தொழிலாளரும் உள்ள தோட்டங்களுக்கே பொருந்தியது. எனவே கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்து சிறுதோட்டத்தில் காயெடுக்கும் பெண்ணுக்கு லயமும் இல்லை. அச்சட்டத்தின் காப்பும் இருந்ததில்லை. அவர் நலன் முழுவதும் அன்றன்றைய கூலியைச் சார்ந்தது. பெருமழையால் மலைவழி அடைபட்டால் அன்றைய அடுப்பும் அணைகிறது.

2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தைச் சந்தித்தது. ஆகஸ்டு 9ஆம் நாள் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகு 26 ஆண்டுகளுக்குப்பின் திறக்கப்பட்டது. அணைகளை முன்கூட்டியே படிப்படியாகத் திறந்திருந்தால் அழிவு குறைந்திருக்குமா என்னும் வினா உயர் நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றத்திற்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் அணை மேலாண்மையில் குறை கண்டார்; மத்திய நீர் ஆணையமோ மழையின் அளவையே காரணமாகக் காட்டியது. இடுக்கி மலைகளில் எண்ணற்ற சரிவுகள் ஏற்பட்டன, ஏலச்செடிகள் அழுகின. மாநிலம் முழுவதும் மீட்சிக்குத் தேவைப்படும் தொகை ஏறத்தாழ 31,000 கோடி ரூபாய் என ஐக்கிய நாடுகள் அமைப்பின் துணையுடன் நடந்த மதிப்பீடு கணித்தது.

இவ்வெள்ளத்தின் பின்விளைவு ஏலச்சந்தையில் விந்தையாக வெளிப்பட்டது. வெள்ளமும் அதனை அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்தன. வரத்துக் குறையவே விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் புற்றடி மின்னேலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் உச்சமாக 7,000 ரூபாய்க்கு விலைபோனது. முந்தைய ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரம் ரூபாய் அளவிலேயே இருந்தது. இருப்பு வைத்திருந்த வணிகரும் செடி தப்பிய பெருந்தோட்டக்காரரும் பயன் பெற்றனர். செடி அழிந்த சிறு உழவருக்கு விற்கக் காய் இல்லை. காய் இல்லாத தோட்டத்தில் தொழிலாளர்க்கு வேலைநாள் இல்லை. விலை ஏழு மடங்கு உயர்ந்தபோது கூலி அவ்வாறு உயரவில்லை, வேலைநாளோ சுருங்கியது. சில ஆண்டுகளில் விலை மீண்டும் ஆயிரம் ரூபாய்க்குக் கீழ் வீழ்ந்தபோது, விலைவீழ்ச்சியே கூலியை உயர்த்தாமைக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. ஒரே பேரிடர் ஒருவர்க்கு இலாபமாகவும் மற்றொருவர்க்குப் பட்டினியாகவும் பிரிவதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

அரசின் நிவாரண முறை இவ்விழப்பைக் காணும் கண் உடையதன்று. வீடு இடிந்தால் வீட்டு ஆவணம், பயிர் அழிந்தால் நில ஆவணம், 33 விழுக்காட்டிற்கு மேற்பட்ட சேதம் என அளவுகள் உள்ளன. இழந்த நாட்கூலிக்குத் தனித் தலைப்பு இல்லை. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்க்குச் சிறுதொகை வழங்க இடமிருந்தாலும், அதற்கு உள்ளூர் வருவாய்த்துறையின் பட்டியலில் பெயர் இடம்பெற வேண்டும். கம்பம் தொழிலாளியின் குடும்ப அட்டை தமிழகத்தில் உள்ளது. அவருடைய வேலை கேரளத்தில் அழிகிறது. கேரளத்தின் பட்டியலில் அவர் வெளியூரார். தமிழகத்தின் பட்டியலிலோ அங்குப் பேரிடர் நிகழவே இல்லை.

இயற்கை ஏதும் செய்யாத காலத்தும் இவ்வெல்லை அவர்களை வாட்டியுள்ளது. 2011 திசம்பரில் முல்லைப்பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, உடும்பன்சோலை வட்டத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் அச்சத்தால் தேனிக்குத் தப்பிவந்தனர். 2020இல் கொரோனாத் தொற்றின்போது எல்லை மூடப்பட்டது. அன்றாடம் மலையேறியோர் வேலையின்றி முடங்கினர். இரு மாநில அரசுகளும் கலந்து பேசி இத்தொழிலாளர்க்கெனப் பொதுப் பதிவேடு ஒன்றை முன்னரே அமைத்திருந்தால் இத்துயரின் பெரும்பகுதி தவிர்க்கப்பட்டிருக்கும் எனலாம்.

மலையிலேயே நிலைத்துவிட்டோர்க்கும் ஆவணச் சிக்கல் உண்டு. பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10ஆம் நாளது. அந்நாளுக்கு முன்பே தம் முன்னோர் கேரளப் பகுதியில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்டினாலன்றிச் சாதிச் சான்றிதழ் பெறுவது தமிழ்த் தலித் குடும்பங்களுக்கு அரிதாக உள்ளது. தம் பெயரில் நிலமோ வீடோ இல்லாத ஒரு கூலிக் குடும்பம் எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஆவணத்தை எங்ஙனம் காட்டும்? கல்வி உதவி, வீட்டுத்திட்டம், அரசு வேலை ஆகிய யாவும் அச்சான்றையே நோக்கி நிற்கின்றன.

கடனும் அறிவிப்பும்

2018 வெள்ளத்திற்குப்பின், 2019இன் தொடக்க மாதங்களில், இடுக்கி மாவட்டத்தில் கடன் சுமையால் உழவர் பலர் தற்கொலை செய்துகொண்டனர். 2019 மார்ச்சு 5ஆம் நாள் கேரள அமைச்சரவை, உழவர் கடன் வசூல் நிறுத்தத்தைத் திசம்பர் 31 வரை நீட்டிக்க முடிவு செய்தது. ஆயின் அரசாணை வெளிவருமுன், மார்ச்சு 10ஆம் நாள் மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஐந்து நாள்களுக்குள் ஒரு தாளில் கையொப்பம் முடியாமையால் முடிவு முடிவாகவே நின்றது. புலவர் ஒருவர் பாடிய அளவில் பழஞ்செய்க்கடன் நீங்கியதாகச் சொல்லும் மரபிற்கும் இந்நிகழ்ச்சிக்கும் உள்ள தொலைவு எண்ணத்தக்கது.

இவ்வறிவிப்பு உரிய காலத்தில் ஆணையாகியிருப்பினும் கூலித் தொழிலாளரை எட்டியிராது. வங்கிக் கடன் நிலமுடையோர்க்கே கிடைப்பது. நிலமற்றோர் நகையை அடகு வைப்பர். கங்காணியிடமோ வட்டிக்காரரிடமோ பெறுவர். அக்கடனுக்கு வசூல் நிறுத்தம் என்பதே இல்லை. பஞ்ச காலத்து முன்பணம் ஒன்றரை நூற்றாண்டிற்குப் பின்னும் வேறு பெயர்களில் வாழ்கிறது.

பிற நாடுகளின் சான்று

ஏலமலையில் காணும் இவ்வமைப்பு இதற்கு மட்டும் உரியதன்று. இலங்கையின் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் நாள் மண்சரிவில் லயங்கள் புதையுண்டன. மாண்டோர் மலையகத் தமிழ்த் தொழிலாளர். அவ்விடம் ஆபத்தானது என அந்நாட்டின் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடிபெயர நிலம் இல்லை. வயநாட்டில் 2019 ஆகஸ்டு 8ஆம் நாள் புத்துமலையிலும், 2024 ஜூலை 30ஆம் நாள் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளிலும் நேர்ந்த சரிவுகளில் தோட்டத் தொழிலாளரின் பாடிகளும் அழிந்தன. இரண்டாவது சரிவில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தோர்க்கு வீடு கட்டத் தோட்டநிலத்தை எடுப்பதில், அந்நிலம் யாருக்குரியது, எவ்வளவு இழப்பீடு என்னும் வழக்குகளில் மாதங்கள் கழிந்தன.

2010ஆம் ஆண்டின் இரு நிலநடுக்கங்களையும் இங்கு ஒப்பிடலாம். சனவரி 12இல் ஹெய்ட்டியில் 7.0 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் இலட்சக்கணக்கில் உயிர்களைப் பறித்தது. பிப்ரவரி 27இல் சிலியில் 8.8 அளவில் ஏற்பட்ட, ஆற்றலில் பன்மடங்கு பெரிய நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் மாண்டோர் ஏறத்தாழ ஐந்நூற்றுவர். நிலநடுக்க மையத்தின் தொலைவு, ஆழம் போன்ற வேறுபாடுகளும் இதற்குக் காரணம் என்பது உண்மையே. எனினும் கட்டட விதிகளை வகுத்து அவற்றைச் செயற்படுத்திய ஆட்சி ஒரு நாட்டில் இருந்தது, மற்றொன்றில் இல்லை. பஞ்சம் உணவின்மையால் மட்டும் நேர்வதன்று, உணவைப் பெறும் உரிமை சிதைவதாலும் நேர்வது என்று அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட தம் நூலில் நிறுவினார். அக்கருத்தை மண்சரிவிற்கும் பொருத்திக் காணலாம். பாதுகாப்பான இடத்தில் வாழும் உரிமை யாருக்கு இல்லையோ அவர்மேலேயே மலை சரிகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தாது வருடப் பஞ்சம் முதல் பெட்டிமுடிச் சரிவு வரையுள்ள நிகழ்வுகள் தனித்தனி விபத்துகள் அல்ல. ஒரு பேரிடரின்போது ஆட்சி செய்யத் தவறியது, அடுத்த பேரிடருக்குரிய மக்களையும் இடத்தையும் ஆயத்தம் செய்கிறது.

2. நில ஆவணம் இன்மை சிறு உழவரைப் பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கு எதிராக நிறுத்துகிறது. வேலையோடு கட்டுண்ட வீடு லயத் தொழிலாளரை ஆபத்தான இடத்தில் நிறுத்துகிறது. எல்லைக்கு அப்பாலுள்ள குடும்ப அட்டை நாட்கூலித் தொழிலாளரை இரு மாநிலப் பட்டியல்களுக்கும் வெளியே நிறுத்துகிறது.

3. ‘இயற்கைப் பேரிடர்’ என்னும் சொல் சட்டத்தில் பொறுப்பு நீக்கும் கருவியாகப் பயன்படுவதால், அதன் பொருள்வரையறை மறு ஆய்வுக்குரியது. ஆபத்தான இடத்தில் வீடு அமைத்தமை தனிக்குற்றமாகக் கொள்ளப்பட வேண்டும்.

4. ஓய்வுக்குப் பின்னும் நீங்காத சொந்த வீட்டுமனை, எல்லைத் தொழிலாளர்க்கு இரு மாநிலப் பொதுப் பதிவேடு, இழந்த கூலிநாளையும் கணக்கிடும் நிவாரண முறை ஆகிய மூன்றும் உடனடித் தேவைகளாகும். இவற்றுள் எதற்கும் மழையின் இசைவு தேவையில்லை.

தமிழாய்வுத் துறைக்கும் இதில் ஒரு பணி உண்டு. இத்தொழிலாளரின் வரலாறு அரசு ஆவணங்களில் மிகச் சிறிதே பதிவாகியுள்ளது. அவர்கள் வட்டாட்சியருக்கும் தோட்ட அலுவலகத்திற்கும் தமிழில் எழுதிய மனுக்கள், பற்றுச்சீட்டுகள், ஒப்பாரிகள், களையெடுப்புப் பாடல்கள் ஆகியவை லயங்களின் தகரப் பெட்டிகளிலும் முதியோர் நினைவிலும் உள்ளன. பெட்டிமுடியில் மண்ணுள் புதைந்தவற்றுள் அத்தகைய தாள்களும் இருந்திருக்கும். எஞ்சியவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தல், ஓர் இலக்கிய வகையைக் காப்பதோடு, முன்னோர் இம்மலையில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்கப்படும் குடும்பங்களுக்கு அச்சான்றைத் தேடித் தருவதாகவும் அமையும்.